என் தங்கையின் வண்டிப் புகை

1

“…அதுல என் மூஞ்சி இருக்கா, இல்ல புகை மட்டும்தான் இருக்கான்னு கேக்குறேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லு அண்ணே. மத்த வெளக்கமெல்லாம் அப்புறம் வச்சுக்க.”

இப்படிக் கேட்டவள் என் தங்கை வளர்மதி. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றை ஒட்டியிருக்கிற எங்கள் ஊரில் குட்டியானை ஓட்டுகிறாள். உரமூட்டை, தேங்காய், வைக்கோல், நாற்றுக்கட்டு, கூடவே நடவுக்குப் போகிற பெண்கள் என்று எல்லாமே அந்தச் சின்னச் சரக்கு வண்டியில்தான். மச்சானுக்குச் சர்க்கரை வந்து கண் மங்கிப்போன பிறகு ஸ்டியரிங் அவள் கைக்கு வந்தது. அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

அவள் கேட்டபோது நான் பெர்கன் நகரத்தில் காருக்குள் இருந்தேன். நார்வே நாட்டின் மேற்குக் கரை. வருடம் முழுக்க மழை தூறிக்கொண்டே இருக்கிற ஊர். மத்தியான ஷிப்ட்டுக்கு முன்னால் என் மகள் அமுதாவைப் பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பியிருந்தேன். போன் கார் ஸ்பீக்கரில் இருந்ததால் வளர்மதியின் கேள்வி அமுதா காதிலும் விழுந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அமுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வளர்மதி அப்போது அங்கே புகைப் பரிசோதனைக் கடை வாசலில் வண்டியோடு வரிசையில் நின்றாள். முன்னால் இன்னும் ஓரிரண்டு வண்டிகள். புகைச் சான்று இல்லாமல் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைக்காது. எஃப்.சி. இல்லாமல் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது. அவளுடைய வண்டி பதினைந்து வருடத்தைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணத்தை எக்கச்சக்கமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை தேறவில்லை என்றால் இன்னொரு தடவை முயற்சி செய்யத் தெம்பு இல்லை, உடைக்கிற கடையில் தள்ளிவிட்டு நடவு வேலைக்கே திரும்பிவிடுவேன் என்று போன வாரமே சொல்லியிருந்தாள். எங்கள் அம்மா வாழ்க்கை முழுக்க செய்த வேலை அது. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் முதலில் கரையேறிய பெண் வளர்மதிதான்.

இந்த நேரத்தில், இந்தக் கேள்வி.

2

அவள் கேட்ட படம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் நகர நூலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நகரத்தின் நடுப்பகுதிக்குள் புகை விடும் வண்டி எதுவுமே வரக் கூடாது என்று ஒரு திட்டம் இங்கே பேச்சில் இருக்கிறது. டீசல் வேன் வைத்துப் பிழைக்கிற தச்சர்களும் குழாய் வேலைக்காரர்களும் ஒரு பக்கம் வரிந்துகட்டி நிற்கிறார்கள். கட்சிக்காரர்கள் இன்னொரு பக்கம். மாணவர்கள் சார்பில் பேச அமுதாவை அழைத்திருந்தார்கள். அவள் படிப்பே சுற்றுச்சூழல் கொள்கைதான்.

நான் ஒரு பஸ் டிரைவர். டெப்போவிலிருந்து சீருடையோடே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நன்றாகப் பேசினாள். நான் ரொட்டிக் கடையில் நின்று யோசித்து யோசித்து அடுக்குகிற நார்வே மொழியை அவள் வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி பேசினாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் ‘என் பொண்ணு, என் பொண்ணு’ என்று சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது திரையில் ஒரு படம் வந்தது. மேலே ஒரு கேள்வி: உலகத்தில் முதலில் எந்த வண்டி நிற்க வேண்டும்? கீழே ஆற்றங்கரை மேடு. மேட்டில் ஏறுகிற ஒரு குட்டியானை. அதன் பின்னாலிருந்து எருமை நிறத்தில் புகை திரண்டு பாதிப் படத்தை மறைத்திருந்தது. புகைக்கு நடுவில் தலையில் துண்டு கட்டிய பெண்கள் சிலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்பலகையில் மச்சான் கண் நன்றாயிருந்த காலத்தில் தன் கையாலேயே பெயிண்டில் எழுதிய ‘பார்த்துப் போ மாப்ளே’ தெரிந்தது.

சபையில் ‘உச்’ கொட்டினார்கள். சிலர் தலையை ஆட்டினார்கள். பேச்சு முடிந்ததும் கைதட்டு.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் நல்ல மனிதர். அதுதான் கொடுமை. என் நிறத்தைப் பார்த்துவிட்டு, அந்த மாதிரி காற்றிலிருந்து நீங்கள் தப்பி வந்துவிட்டீர்கள், நல்லது என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அன்பாகச் சொல்கிறவனை என்ன செய்வது?

எழுந்துவிட்டேன். மைக் வந்தது. அது என் தங்கையின் வண்டி, அதில் போகிற பெண்கள் நட்ட நெல்லைத்தான் ஊர் சாப்பிடுகிறது, உங்கள் காரில் ஒருத்தர் போகிற எண்ணெயில் அங்கே ஒரு தெருவே வேலைக்குப் போகிறது என்று சொல்ல வேண்டும். மனதுக்குள் தமிழில் சரசரவென்று வந்துவிட்டது. வாயைத் திறந்தால், “அந்த வண்டி… என் தங்கை…” என்பதோடு நின்றுவிட்டது. வினைச்சொல்லைக் காணோம். கோபம் வந்தால் எனக்கு முதலில் காணாமல் போவது இந்த ஊர் மொழிதான். கூட்டத்தை நடத்தியவர் சிரித்த முகத்தோடு நான் முடிக்காததை அவரே முடித்துவைத்தார். “அப்படியானால் இந்தப் பிரச்சினையின் வலி உங்களுக்கு நேரடியாகத் தெரியும். நன்றி.” மறுபடி கைதட்டு. இந்தத் தடவை எனக்கு.

மேடையில் அமுதா முகம் வெளுத்து நின்றாள். நான் வந்திருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

3

நான் ஓட்டுவது மின்சார பஸ். குறை சொல்ல மாட்டேன். சத்தம் இல்லை, நாற்றம் இல்லை. ஷிப்ட் முடிந்து சட்டையை முகர்ந்தால் சோப்பு வாசம்தான் வரும். டீசல் பஸ் ஓட்டின காலத்தில் என் மனைவி அந்தச் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பாள். ஆகவே, இவன் பழைய புகைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அது தினமும் என் பஸ் தடத்திலேயே வந்து நிற்கிறது.

துறைமுகத்தைச் சுற்றித்தான் என் பஸ் போகும். கடலுக்கு நடுவே எண்ணெய் தோண்டுகிற மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல்கள் அங்கே கட்டிக் கிடக்கும். கரையில் நிற்கும்போது அவை எஞ்சினை ஓட்டுவதில்லை. ஊருக்குள் புகை வரக் கூடாது என்று கரையிலிருந்து தொடை தடிமனில் கேபிள் இழுத்து மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு சுத்தம், எவ்வளவு பொறுப்பு! ஆனால் அந்தக் கப்பல் எதற்காகக் கடலுக்குப் போகிறது? எண்ணெய் எடுக்கிற வேலைக்கு. எடுத்த எண்ணெய் எங்கே போகிறது? பெரும்பாலும் வெளியூருக்கு. அங்கே எரிந்தால் அந்தப் புகை எரித்தவன் கணக்கு. விற்றவன் வீட்டு வாசலில் துளசி நட்டு வைத்த மாதிரி எல்லாம் பச்சையாக இருக்கும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். அங்கே இந்த எண்ணெய் மேடைகளின் கால்களைப் பற்றவைத்தவர்களில் நானும் ஒருவன். என்னோடு வேலை பார்த்த அதிராம்பட்டினத்து பாய் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார்: “நாம பத்தவைக்கிறது நமக்கு வெளிச்சம் தராதுங்க தம்பி, கண்ணுவலிதான் தரும்.” அன்றைக்குச் சிரித்தேன். இப்போது துறைமுக வளைவில் பஸ்ஸைத் திருப்பும்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மின்சாரக் கார் வைத்திருக்கிறார். காரா அது? சப்பரம். அதில் அவர் ஒருத்தர் ஏறி, ஒரு பை வைத்துக்கொண்டு, நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் ஜிம்முக்குப் போய் அங்கே ஓடுகிற பட்டையில் நடக்கிறார். என்னிடம் இருப்பது பழைய சின்ன பெட்ரோல் கார். நகரத்துக்குள் நுழைகிற வண்டிகளிடம் பணம் வாங்குகிற சுங்க வளையத்தைத் தாண்டும்போது எனக்குக் கூடுதல் கட்டணம், அவருக்குச் சலுகை. ஒருநாள் என் காரைப் பார்த்து, “இன்னும் இதை வைத்திருக்கிறாயா?” என்று கேட்டார். நம்மூரில் வேட்டியில் கிழிசல் இருந்தால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

நம் நாட்டிலும் இதே கூத்துதான். எந்தக் கார் எவ்வளவு கரியமில வாயு விடலாம் என்று கம்பெனிகளுக்கு அளவு வைக்கிறார்கள். கனமான கார்களைச் செய்கிற கம்பெனிக்கு அளவில் தாராளம், எடை குறைந்த காருக்கு இறுக்கம். சின்னக் கார் செய்கிறவர் சலுகை கேட்கிறார், பெரிய கார் செய்கிறவர் கூடாது என்கிறார். பேப்பரில் பக்கம் பக்கமாக வருகிறது. எல்லாச் சண்டையும் ஒரு காருக்கு எவ்வளவு என்பதுதான். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று யாராவது கேட்கிறார்களா? நம்மூரில் வண்டி வாங்கினவனிடம் முதல் கேள்வியே ‘மைலேஜ் எவ்வளவு தருது?’ என்பதுதானே. ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறவனைப் பக்கத்து வண்டிக்காரன் திட்டுவான். எங்கள் ஜனங்கள் எரிபொருளைச் சிக்கனம் பண்ணுவதை எந்த மாநாட்டிலும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. சோற்றுப்பானையில் கற்றுக்கொண்டார்கள்.

4

அந்தப் படம் எடுத்த அன்று நானும் அங்கே இருந்தேன். போன கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். குறுவை நடவு நேரம். மோட்டார் தண்ணீர் பாய்ந்த வயல்கள் பளபளவென்று கிடந்தன. வளர்மதி விடியற்காலையில் நாற்றங்காலுக்குப் போய்ப் பறித்த நாற்றுக்கட்டுகளை ஏற்றினாள். ஈரம் சொட்டுகிற கட்டு, சாதாரணக் கனம் இல்லை. அதற்கு மேல் நடவுப் பெண்கள் ஏறினார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது தப்பு என்று அவளுக்கும் தெரியும், ஏறுகிறவர்களுக்கும் தெரியும், பிடிக்கிற போலீஸுக்கும் தெரியும். அந்தப் பக்கத்து வயல்களுக்கு பஸ் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

சமதளத்தில் அந்த வண்டி அவ்வளவு புகைவதில்லை. ஆற்றங்கரை மேட்டில் ஏற முதல் கியர் போட்டு இழுக்கும்போதுதான் மூச்சு முட்டும். அமுதா சரியாக அந்த மேட்டின் அடியில், வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு போனைத் தூக்கினாள்.

“பாப்பா, என்னையும் சேத்து எடுடி!” என்று வளர்மதி கதவுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள். அமுதா கையை ஆட்டினாள்.

“வெளிநாட்டுல போயி எங்களுக்கு மாப்பிள்ள பாக்கவா எடுக்குற?” என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண்.

“உனக்கு ஏற்கெனவே ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கானே!” என்றாள் இன்னொருத்தி.

“அவன் குத்துக்கல்லுதான். அதான் வேற கேக்குறேன்.”

வண்டியே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு படத்தில் இல்லை. புகைதான் இருக்கிறது.

எஃப்.சி. பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே இருக்கிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்கள் ஊரில் சரக்கு வண்டிகள் நிற்கிற லோடு ஸ்டாண்டில் ஒரு செட் நல்ல டயர் உண்டு. யாருக்கும் தனிச் சொந்தமில்லை, எல்லாரும் சேர்ந்து வாங்கியது. யார் வண்டிக்கு எஃப்.சி. வருகிறதோ, அந்த வண்டியில் அதை மாட்டுவார்கள். கல்யாணத்துக்கு நகை இரவல் கொடுக்கிற மாதிரிதான். எஃப்.சி. காட்டிவிட்டு வந்த அன்றே கழற்றி, கழுவி, அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அதற்கு ‘ஊர் டயர்’ என்றே பெயர். வண்டிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பெயிண்ட் வேறு அடிப்பார்கள். ஒரு தடவை மச்சான் ஆர்வத்தில் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கிற சேஸ் நம்பர் மேலேயும் அடித்துவிட்டார். ஆய்வாளருக்கு முன்னால் உட்கார்ந்து மண்ணெண்ணெய் வைத்துச் சுரண்டினார்கள்.

ஏமாற்று வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு நல்ல டயர் வாங்க வழியில்லாதவர்கள் கண்டுபிடித்த ஏமாற்று.

5

நூலகத்திலிருந்து அமுதாவும் நானும் ஒன்றாகத்தான் வீடு திரும்பினோம். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே வெடித்துவிட்டேன்.

“உன் அத்தை வண்டிதான் கெடைச்சுதா? ஒலகத்துல வேற புகையே இல்லையா?”

“வேற யார் படத்தையும் கேக்காம போட முடியாதுப்பா. இது என் படம். நான் எடுத்தது.”

“அத்தைகிட்டக் கேட்டியா?”

அவள் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “அதுல அத்தை இல்லையே. வண்டிதானே” என்றாள்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அவளுக்கு வண்டி வேறு, ஆள் வேறு. எங்களுக்கு அப்படி இல்லை என்பதை எந்த மொழியில் சொல்லிக் கொடுப்பது?

“மேட்டுல ஏறும்போது எடுத்த படம் அது. துறைமுகத்துல நிக்குதே அந்தக் கப்பலப் போடேன். பக்கத்து வீட்டுச் சப்பரத்தப் போடேன். அதுக்கு மின்சாரம் வேணும், இரும்பு வேணும், பேட்டரி வேணும், அதெல்லாம் எங்கேயோ புகைஞ்சுதானே வருது?”

“தெரியும்ப்பா. நான் அதையும் பேசினேன். நீங்க கோபத்துல கேக்கல. உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டா? கார்பன் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாதத நான் எப்படி ஸ்லைடுல போடுறது?”

அவள் ஏமாற்றிச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்கு அது ஒரு சங்கடம். உலகத்தைச் சுடவைக்கிற வாயு நிறமில்லாதது. பளபளப்பான காரிலிருந்தும் வரும், விமானத்திலிருந்தும் வரும், படம் எடுத்தால் வானம் நீலமாகத்தான் தெரியும். வளர்மதி வண்டியின் பின்னால் கறுப்பாகத் தெரிவது கரித்தூள். அது வேறு கேடு. அதைப் படம் எடுக்கலாம். ஆகவே குற்றவாளிக் கூண்டில் யார் நிற்பது? படத்தில் விழுகிறவன்.

“ஆனா அப்பா,” என்று அவள் விடவில்லை. “அந்தக் கரித்தூள் யார் நெஞ்சுக்குள்ள போகுது? எனக்கா? பின்னாடி நிக்கிறாங்களே, அந்த ஆன்ட்டிங்களுக்குத்தானே? அத்தை எப்பவும் தொண்டையச் செருமிக்கிட்டே இருக்காங்களே, நீங்க கவனிச்சதே இல்லையா?”

கவனித்திருக்கிறேன். அதற்கும் சேர்த்துத்தான் கோபம் வந்தது. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதே எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நியாயத்தைப் பேச ஒரத்தநாட்டுப் பக்கம் மேடை போட்டிருந்தால், அங்கே நல்ல பஸ் விடச் சொல்லிப் பேசியிருந்தால், நானே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஜிம்முக்குச் சப்பரத்தில் போகிறவர்கள் ‘உச்’ கொட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவதற்கு என் தங்கையின் புகை எதற்கு?

6

அந்தக் கூட்டத்தின் படங்களை யாரோ இணையத்தில் போட்டார்கள். கோயம்புத்தூரில் படிக்கிற வளர்மதியின் மகன் அதைப் பார்த்து நண்பனுக்கு அனுப்ப, அது ஊர் லோடு ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வளர்மதி வைத்திருப்பது பட்டன் போன். அவள் படத்தைப் பார்க்கவில்லை.

“நான் போனதும் ஒவ்வொருத்தனும் போனை நீட்டுறானுங்க அண்ணே. ‘அக்கா, ஒங்க வண்டி வெளிநாட்டுல ஓடுது’ங்குறான் ஒருத்தன். அவனுங்க கையில நான் பாக்க மாட்டேன்னுட்டேன். எம் மருமவ எடுத்த படத்த எம் மருமவகிட்டயே பாத்துக்குறேன்” என்று அப்போது போனில் சொன்னாள்.

அது கேலியோடு போயிருந்தால் தேவலை. எஃப்.சி. நெருங்கியதும் ஊர் டயரைக் கேட்கப் போயிருக்கிறாள். ஸ்டாண்டில் மூத்தவர் ராசேந்திரன், நல்ல மனிதர்தான், நாக்குதான் கொஞ்சம் நீளம். “ஒனக்கெதுக்கு வளரு ஊர் டயரு? ஒங்க அண்ணன் ஊருலேருந்து பறந்து வந்துருமே!” என்று சொல்லியிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவர் மறுநிமிடமே டயரை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். இவள் எடுக்கவில்லை. வந்துவிட்டாள்.

நான் பதறிப்போய், புது வண்டிக்கு ஏற்பாடு செய்கிறேன், மின்சார வண்டியே வாங்கிக்கொள் என்றேன்.

“மின்சார வண்டிய மும்முனைக் கரண்டு வர்ற நேரம் பாத்து மோட்டார் கொட்டகையிலயா சார்ஜு போடுறது?” என்றாள். பிறகு குரல் மாறியது. “அண்ணே, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாத. ஒம் பொண்ணு படம் எடுத்துக் காட்டுனா. நீ வண்டி வாங்கித் தரேங்குற. ரெண்டு பேருமே எங்கிட்ட இருக்கறத ஒரு வண்டியாவே நெனைக்கலியே.”

எத்தனையோ பேர் பேசியதை நான் மனதில் எழுதி வைத்திருக்கிறேன். இதை எழுதிவைக்கத் தேவையே இருக்கவில்லை. அதுவாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு அவள் செய்ததைத் துண்டுதுண்டாகத்தான் சொன்னாள். மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரேட் பண்ணின பழைய டயர் தானே வாங்கி மாட்டினாள். டீசல் பம்பையும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில்களையும் கழற்றித் தஞ்சாவூருக்கு எடுத்துப்போய், பம்ப் மெக்கானிக் கடை வாசலிலேயே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சரிபார்த்து வாங்கிவந்தாள். ஏர் ஃபில்டர் மாற்றினாள். பெயிண்ட் அடிக்கவில்லை. “மேக்கப்பெல்லாம் வேண்டாம்” என்றாள்.

மச்சான் மட்டும் பயந்துகொண்டே இருந்தார். புகைப் பரிசோதனையில் ஒரு சூட்சுமம் உண்டு. சைலன்ஸருக்குள் குழாயை விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரை ஒரே மூச்சில் தரை வரைக்கும் மிதிக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் எஞ்சினின் உண்மையான புகை வெளியே வரும். பழைய வண்டிக்காரர்கள் யாரும் அப்படி மிதிப்பதில்லை. பாதி மிதிப்பார்கள். மெஷின் சாதுவாக ஒரு எண்ணைக் காட்டும். கடைக்காரரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் கடை, எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. “நீயும் பாதியா மிதிச்சுட்டு வந்துரு வளரு, வீம்பு பண்ணாத” என்று மச்சான் கெஞ்சி அனுப்பியிருந்தார்.

7

இனி அந்தப் போனுக்கு வருகிறேன்.

மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அமுதா இன்னும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் தஞ்சாவூர்ப் பக்கத்து வெயில் மாதிரி சுள்ளென்று ஹாரன் சத்தம்.

“என்ன அண்ணே, லைன்ல இருக்கியா? மூஞ்சி இருக்கா, இல்லியா?”

“இல்ல வளரு,” என்றேன். “புகைதான் இருக்கு.”

“அது சரி.”

தொண்டையைச் செருமினாள். பக்கத்தில் அமுதாவின் முதுகு ஒரு முறை ஏறி இறங்கியது.

“அத்தை,” என்றாள் அமுதா, திரும்பாமலே. “நான்தான். பக்கத்துலதான் இருக்கேன். நான் உங்ககிட்டக் கேட்டிருக்கணும். அந்தப் படத்த எடுத்துடச் சொல்றேன்.”

“ஏண்டி எடுக்குற? பொய்யா அது? மேட்டுல ஏறுறப்ப அப்படித்தான் புகையுது, எனக்குத் தெரியாதா? அத நாந்தானே தெனம் குடிக்கிறேன்.” பேச்சில் கோபம் இருந்தது. ஆனால் ‘டி’ வந்துவிட்டது என்பதைக் கவனித்தேன். “எத்தன தடவ கத்துனேன், என்னையும் சேத்து எடுன்னு. காதுல விழலியா ஒனக்கு?”

“விழுந்துச்சு அத்தை.”

“அப்பறம்?”

அமுதா இந்த முறை ஜன்னலை விட்டுத் திரும்பினாள். “நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க. சிரிச்சா… அந்த ஸ்லைடுக்குச் சரியா வராதுன்னு வெட்டிட்டேன்.”

எனக்கே இது அப்போதுதான் தெரியும். எடுத்திருக்கிறாள். வளர்மதி முகத்தோடு, சிரிப்போடு எடுத்துவிட்டுப் பிறகு வெட்டியிருக்கிறாள். நாலு வார்த்தை சுடச்சுடக் கேட்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கத்தில் ஒரு ஆண் குரல் கேட்டது.

“அடுத்தது ஒங்க வண்டிதாங்க அக்கா. பின்னால எடுங்க… போதும், போதும்.”

எஞ்சின் ஓடுகிற சத்தம் வந்தது. வளர்மதி போனை அணைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டில் வைத்திருக்க வேண்டும், தகரம் அதிர்வது தெளிவாகக் கேட்டது. குழாயைச் சொருகுகிற சத்தம். பிறகு கடைக்காரர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, பழைய வண்டி. நான் சொல்றப்ப லேசா மிதிங்க. பாதி போதும். நான் பாத்துக்குறேன்.”

“பாப்பா,” என்று வளர்மதி கூப்பிட்டாள்.

“அத்தை?”

“கேட்டுக்கிட்டே இரு.”

கடைக்காரர் “ம், மிதிங்க” என்றார். அவள் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாள். எங்கள் காருக்குள் அந்த எஞ்சின் கத்தியது. “அக்கா, பாதி! அக்கா, பாதி போதும்!” என்று கடைக்காரர் கதவைத் தட்டுவது கேட்டது. வளர்மதி காலை எடுக்கவில்லை.